குளவி யார் பெற்ற பிள்ளை?

"குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று ஒரு சொலவடை உண்டு. கேட்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். சுவர் மூலையில் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவி, எங்கிருந்தோ ஒரு பச்சைப் புழுவைத் தூக்கிவந்து உள்ளே போட்டு மூடிவிடும். கொஞ்ச நாள் கழித்துக் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருவது ஒரு குளவி. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கிவிட்டது என்றுதான். குரு சீடன் கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? இன்றைக்கும் வாத்தியார்கள் வகுப்பில் சொல்கிறார்கள், நாமும் கேட்டுக்கொள்கிறோம்.

உண்மையில் நடப்பது வேறு. குளவி அந்தப் புழுவைக் கொட்டி மயக்கி வைத்திருக்கிறது. கூட்டுக்குள் தன் முட்டை ஒன்றையும் வைத்திருக்கிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு, மயங்கிக் கிடக்கும் புழுவை உயிரோடு தின்று வளர்ந்து வெளியே வருகிறது. ஆக, புழு குளவியாகவில்லை, குளவிக்குச் சாப்பாடாகிவிட்டது. சீடன் கதை சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று புரிகிறது இல்லையா :-)

சொலவடையைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அதற்குள் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. வெளியே வந்த குளவி யார் பெற்ற பிள்ளை? அதற்கு யார் யார் சொந்தம்? இது பரீட்சைக்கு மட்டும் தேவைப்படும் விஷயம் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டம் வைத்திருக்கிற ஒவ்வொருவருடைய காசும் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

கூலி வாங்காத வேலைக்காரர்கள்

மண்கூடு கட்டும் குளவி நம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கிறது. இதே வேலையை இன்னும் கொடூரமாகச் செய்யும் ஆயிரக்கணக்கான குளவி இனங்கள் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஒட்டுண்ணிக் குளவிகள் என்று சொல்வார்கள். பேன், உண்ணி மாதிரி ரத்தத்தை உறிஞ்சிவிட்டு ஆளை விட்டுவிடும் ரகம் இல்லை. இன்னொரு பூச்சியின் முட்டைக்குள்ளோ, புழுவுக்குள்ளோ தன் முட்டையை வைத்துவிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று, கடைசியில் கொன்றுவிட்டு ஓட்டை போட்டு வெளியே வரும்.

இவற்றில் நம் விவசாயிகளுக்கு ரொம்பத் தெரிந்தது டிரைக்கோகிரம்மா. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். கரும்பின் இடைக்கணுப் புழுவுக்கு எதிராகத் தோட்டத்தில் கட்டுகிற முட்டை ஒட்டுண்ணி அட்டை இதுதான். அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அதற்குள் இந்தக் குளவியை வளர்த்துக் கொடுக்கிறார்கள். தென்னையின் கருந்தலைப் புழுவுக்கு கோனியோசஸ் என்ற குளவி. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் தென்பட்டு, பிறகு பரவிய சுருள் வெள்ளை ஈயை அடக்கி வைப்பது என்கார்சியா என்ற குளவி. அதை யாரும் காசு கொடுத்து வரவழைக்கவில்லை. வெள்ளை ஈயைத் தொடர்ந்து தானாகவே வந்துவிட்டது.

சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் திராட்சை, வாழை, தென்னை, கரும்பு என்று எதை எடுத்தாலும், அங்கே கூலி வாங்காமல் வேலை செய்கிற ஒரு குளவிக் கூட்டம் இருக்கிறது. அவர்களுடைய பெயர்தான் நம்மிடம் இல்லை.

"பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? வேலை நடந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பி.எஸ்சி விலங்கியல் படிக்கிறேன் என்று சொன்னாலே ஒரு மாதிரி பார்க்கிற ஊரில், குளவியின் மரபணுவைப் படிக்கிறேன் என்றால் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். அவர்களுக்காக மூன்று கதைகள்.

பப்பாளி, மரவள்ளி, திராட்சை

முதல் கதை கோயம்புத்தூரில் நடந்தது. 2008-ல் அங்கே பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று பெயர், சொந்த ஊர் மெக்சிகோ. பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று தமிழ்நாட்டில் பரவியது. உடம்பு முழுக்க மெழுகு மாவு என்பதால் மருந்து அடித்தும் சரியாக அடங்கவில்லை. கடைசியில் 2010-ல் பெங்களூரில் உள்ள தேசிய அளவிலான வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவியை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை வளர்த்து ஊர் ஊராக விட்டது. மாவுப்பூச்சி அடங்கியது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒரே ஒரு வருடத்தை. அந்தக் குளவிக்கு அறிவியல் பெயர் வைத்து விவரித்தது 2003-ல். அப்போது கோயம்புத்தூரில் அந்த மாவுப்பூச்சியை யாரும் கண்டதே இல்லை. எங்கேயோ ஒரு அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பில் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு பூச்சியின் மீசையை அளந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து "இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று அன்றைக்கு யாராவது கேட்டிருப்பார்கள். ஏழு வருடம் கழித்து அந்த வேலைதான் நம் பப்பாளியைக் காப்பாற்றியது.

இரண்டாவது கதை மரவள்ளி. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் மரவள்ளி மாவுப்பூச்சி புகுந்தது. கோடிக்கணக்கானவர்களுக்கு அங்கே மரவள்ளிதான் சோறு. பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பது தெரியும். அதனால் அதன் எதிரியைத் தேடி அங்கே போனார்கள். தென் அமெரிக்காவின் வடபகுதியில் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி மரவள்ளியில் கிடைத்தது. அதைத் தாக்கும் குளவிகளும் கிடைத்தன. ஆனால் அந்தக் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் எடுபடவில்லை. ஏன்? இரண்டும் வேறு வேறு பூச்சிகள்! வடபகுதிப் பூச்சியில் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வந்ததோ பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே பெருகுகிற வகை. சாயலை நம்பியதில் வருடங்கள் போயின.

சரியான பூச்சி கிடைத்தது 1981-ல், பராகுவேயில். அதைத் தாக்கும் அனாகைரஸ் லோபெசி என்ற குளவியை அதே வருடம் நைஜீரியாவில் விட்டார்கள். ஆப்பிரிக்காவின் மரவள்ளி பிழைத்தது. இந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே மாவுப்பூச்சி 2020-ல் கேரளாவின் திருச்சூரில் தென்பட்டு, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. இந்த முறை யாரும் தேடி அலையவில்லை. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். பெயர் தெரிந்திருந்தது, எந்தப் பூச்சிக்கு எந்தக் குளவி என்பதும் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது கதை நம்மூர்க்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சைக்கும் மாவுப்பூச்சி ஒரு தலைவலி. உலகத்தின் மற்ற திராட்சைத் தோட்டங்களிலும் அதே தலைவலிதான். அங்கெல்லாம் பல காலமாக அனாகைரஸ் சூடோகாக்கை என்ற குளவியை வளர்த்து விற்றார்கள், வாங்கி விட்டார்கள், ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்கள். 2019-ல் டி.என்.ஏ-வையும் உடலமைப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருந்தது உறுதியானது. தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்த குளவிக்கு அனாகைரஸ் விளாடிமிரி என்று புதுப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. அதாவது இத்தனை காலமும் டப்பாவின் மேல் இருந்தது ஒருவர் பெயர், உள்ளே இருந்தது இன்னொருவர்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கும். பருத்தி மாவுப்பூச்சியைத் தாக்கும் ஒரு குளவிக்கு 2009-ல் இந்தியாவில் புது இனம் என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்ட குளவிதான் இது என்று 2014-ல் சொன்னார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு மாதிரி.

அம்மா வழி உறவு

சாயலை வைத்துச் சொந்தம் சொல்ல முடியாது என்றால் வேறு எதை வைத்துச் சொல்வது? இங்கேதான் மைட்டோகாண்ட்ரியா வருகிறது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் பவர் ஹவுஸ் என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த அதே மைட்டோகாண்ட்ரியாதான். அதற்கென்று தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ வளையம் இருக்கிறது. தேனீயின் வளையம் முழுவதையும் 1993-ல் படித்து முடித்துவிட்டார்கள். அதில் 16,343 எழுத்துகள். பூச்சிகளில் பெரும்பாலும் 37 மரபணுக்கள்தான் அதில் இருக்கும். உட்கருவில் இருக்கும் கோடிக்கணக்கான எழுத்துகளோடு ஒப்பிட்டால் இது ஒரு துண்டுச் சீட்டு. ஆனால் ஒவ்வொரு செல்லிலும் இதற்கு ஏராளமான நகல்கள் உண்டு. அதனால் அரை மில்லிமீட்டர் குளவியிலிருந்துகூட எடுத்துப் படித்துவிட முடியும்.

நம் ஊரில் வம்சத்தை அப்பா வழியாக எண்ணுவோம், பங்காளி என்போம். மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியாக மட்டும் வரும். அம்மா, அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று ஒரே கயிறு. குளவிகளுக்கு இது இன்னும் பொருத்தம். ஆண் குளவி கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது, அதற்கு அப்பாவே கிடையாது!

காலப்போக்கில் இந்த எழுத்துகளில் மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு குளவிகளின் சீட்டில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால், எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று சொல்லிவிடலாம். முழுச் சீட்டும் வேண்டாம், அதில் 650 சொச்சம் எழுத்துள்ள ஒரு பகுதியை மட்டும் கடைச் சரக்கின் பார்கோடு மாதிரி பயன்படுத்தலாம் என்று 2003-ல் கனடாவின் பால் ஹீபர்ட் குழு சொன்னது. இன்று உலகம் முழுக்க அது நடைமுறையில் இருக்கிறது.

ஒட்டுண்ணிக் குளவிகளிடம் இன்னொரு விசேஷம். இவற்றின் மைட்டோகாண்ட்ரியா மற்ற பல பூச்சிகளுடையதைவிட வேகமாக மாறுகிறது. எழுத்து மட்டும் மாறுவதில்லை, மரபணுக்கள் நிற்கும் வரிசையே மாறுகிறது. பல பூச்சிகளில் கோடிக்கணக்கான வருடங்களாக ஒரே வரிசையில் நிற்கும் மரபணுக்கள், சில குளவிகளில் கூட்டத்தோடு தலைகீழாகத் திரும்பி நிற்கின்றன. இப்படிப்பட்ட பெரிய புரட்டல் அடிக்கடி நடக்காது. இரண்டு குளவிகளில் ஒரே மாதிரி புரண்டிருந்தால், ஒரு பொதுவான பாட்டியிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். குடும்ப மச்சம் மாதிரி.

இதையே கடவுள் வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது

மைட்டோகாண்ட்ரியா ஒன்று போதும், எல்லாம் தெரிந்துவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு காரணங்கள்.

ஒன்று, வேகமாக மாறுவதே வினையாகிவிடும். அடித்து அடித்துத் திருத்திய ஒரு நோட்டில் முதலில் என்ன எழுதியிருந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? அதே கதைதான். குளவிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் ஏ, டி என்ற இரண்டு எழுத்துகளே பெரும்பாலும் ஐந்தில் நான்கு பங்கு. அதனால் சம்பந்தமே இல்லாத இரண்டு பேருக்குத் தற்செயலாக ஒரே எழுத்து அமைந்துவிடும். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முந்தைய உறவுகளைச் சொல்ல இது மட்டும் போதாது. 2017-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு 173 இனங்களில் 3,256 மரபணுக்களை ஒப்பிட்டது. ஒட்டுண்ணி வாழ்க்கை இந்த வம்சத்தில் ஒரே ஒரு முறைதான், சுமார் 25 கோடி வருடங்களுக்கு முன், தோன்றியது என்றது அது. மண்கூட்டுக் குளவி, எறும்பு, நம் ஊர்ப் பெயரை நினைவுபடுத்துகிற தேனீ உட்பட எல்லாமே அந்த ஒட்டுண்ணிப் பாட்டியின் பேரப்பிள்ளைகள்தான். தேனில் இனிப்பாக இருக்கிறதே என்று தேனீயின் முன்னோர்களும் அப்படியே இருந்திருப்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டு, வோல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா. பூச்சிகளின் செல்லுக்குள்ளேயே குடியிருந்து, அதுவும் அம்மா வழியாகவே பிள்ளைகளுக்குப் போகிறது. சில டிரைக்கோகிரம்மாக்களில் இது புகுந்தால் ஆணே இல்லாமல் பெண்கள் மட்டும் பிறக்கும். இந்த பாக்டீரியா பரவும்போது கூடவே அந்தத் தாயின் மைட்டோகாண்ட்ரியாவும் பரவிவிடும். இனம் விட்டு இனம் கலப்பு நடந்த இடத்தில் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்த்தால், வேறு வீட்டுப் பிள்ளையை இந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவோம். நேசோனியா என்ற குளவியில் இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள்.

அதனால் டி.என்.ஏ, உடலமைப்பு, கலப்பினச் சோதனை மூன்றும் வேண்டும். இதை நமக்குச் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டுக்காரர்கள் வர வேண்டியதில்லை. 1968 முதல் 1971 வரை பெங்களூரில் இருந்தபடி சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் டிரைக்கோகிரம்மாக்களை ஒன்றோடொன்று கலந்து பார்த்தார்கள். இனம் பிரிக்க ஆண் குளவியின் பிறப்புறுப்பு அமைப்புதான் நம்பகமான அடையாளம் என்று உலகத்துக்கே காட்டினார்கள். வேறு பெயர்களில் சுற்றிக்கொண்டிருந்த நம் கரும்புத் தோட்டத்துக் குளவி இன்று டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்று சரியான பெயரில் இருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது. கோழிக்கோட்டில் டி.சி. நரேந்திரன் 2013-ல் காலமாகும்வரை இந்தக் குட்டிக் குளவிகளுக்குப் பெயர் வைப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தார். இப்படிப்பட்டவர்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார ஆள் வேண்டாமா?

என்ன செய்யலாம்?

என்னைக் கேட்டால் மூன்று விஷயங்கள்.

முதலாவது, குளவி வளர்த்துக் கொடுக்கிற ஒவ்வொரு கூடமும், தனியாரோ அரசோ, தன்னிடம் வளர்வது எது என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஒரே அறையில் வளர்க்கும்போது வேறு இனம் புகுந்துவிடலாம், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கைப்பிடிக் குளவியை ஆல்கஹாலில் போட்டுப் பாதுகாத்து, மைட்டோகாண்ட்ரியா பார்கோடையும் படித்து வைத்தால், பின்னால் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். விதைப் பையில் ரகம், முளைப்புத் திறன் எல்லாம் அச்சடிக்கச் சொல்கிறோம். ஒட்டுண்ணி அட்டைக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

இரண்டாவது, நம் கல்லூரிகள். பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது, ஆனைமலையான்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுற்றிலும் விலங்கியல் துறை உள்ள கல்லூரிகள் இருக்கின்றன. குளவி பிடிக்கப் பெரிய செலவில்லை. மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் ஊற்றி இரண்டு சொட்டு சோப்பு விட்டுத் தோட்டத்தில் வைத்தால் போதும், மஞ்சளுக்கு மயங்கி வந்து விழும். மாவுப்பூச்சி ஒட்டிய திராட்சைக் கொத்தை ஒரு டப்பாவில் போட்டு வலை கட்டி வைத்தால், பத்துப் பதினைந்து நாளில் உள்ளிருந்து எது வருகிறது என்று பார்க்கலாம். எந்தப் பூச்சிக்குள்ளிருந்து எந்தக் குளவி வந்தது என்று எழுதி வைக்கும் இந்த வேலையை எந்த டி.என்.ஏ மெஷினும் செய்யாது. வருடா வருடம் போன செட்டின் புராஜெக்டையே அட்டை மாற்றிக் கொடுப்பதற்குப் பதில், சுருளிப்பட்டித் திராட்சைக்கு ஒரு செட், உத்தமபாளையத்துத் தென்னைக்கு ஒரு செட் என்று பிரித்துக்கொண்டால் சில வருடங்களில் பள்ளத்தாக்குக்கே ஒரு குளவிப் பட்டியல் கிடைத்துவிடும். மேகமலைக் காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் தோட்டங்களிலேயே பார்க்க வேண்டியது மலைபோல் இருக்கிறது.

மூன்றாவது மருந்து. பெயர் தெரியாத வேலைக்காரனை வேலையை விட்டு அனுப்புவது சுலபம், ஏனென்றால் அவன் இருந்தான் என்பதே நமக்குத் தெரியாது. சுருள் வெள்ளை ஈக்கு மருந்து அடித்தால் என்கார்சியாவும் சேர்ந்து சாகும், அடிக்காதீர்கள் என்று வேளாண் விஞ்ஞானிகள் சொல்ல முடிந்தது எப்படி? அங்கே என்கார்சியா இருப்பது தெரிந்ததால். நம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே யார் யார் வேலை செய்கிறார்கள் என்று தெரியாதவரை, எந்த மருந்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

மரபணு ஆராய்ச்சி பணக்கார நாட்டு வேலை, நமக்குச் சோறுதான் முக்கியம் என்று சொல்வது காதுக்கு நியாயமாகப் படும். ஆனால் பப்பாளியிலும் மரவள்ளியிலும் சோற்றைக் காப்பாற்றியது சரியான பெயர்தான். பெயர் வைக்கும் வேலை, பூச்சி வருவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். பூச்சி வந்தபிறகு ஆரம்பித்தால் மருந்துக் கடைக்காரருக்குத்தான் லாபம்.

புழு குளவியாகும் என்று நம்பியவர்களிடம் மைக்ராஸ்கோப்பும் இல்லை, மரபணு படிக்கும் மெஷினும் இல்லை. அதனால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நம்மிடம் இரண்டும் இருக்கிறது. நாமும் சாயலை மட்டும் பார்த்துச் சொந்தம் சொல்லிக்கொண்டிருந்தால் நம்மை என்ன சொல்வது?